கட்டடத்துக்கு அனுமதி உண்டு. வெட்டிய மண்ணுக்கு விதி எங்கே?

மலையகத்தில் மழை தொடங்கி அரை மணித்தியாலம் கடப்பதற்குள் வீதியோர வடிகான்கள் செந்நிறமாக மாறிவிடுவது எவருக்கும் புதினமான காட்சியல்ல. அந்த நிறம் எங்கிருந்து வருகின்றது என்று சற்று மேலே ஏறிப் பார்ப்போமானால், பெரும்பாலும் புதிதாக வெட்டப்பட்ட ஒரு காணித்துண்டையே காண்போம். பெக்கோ இயந்திரம் ஒரே நாளில் மலைச்சரிவைக் குடைந்து தட்டையாக்கியிருக்கும். வெட்டிய மண் சரிவின் கீழ்ப்பக்கத்தில் குவிக்கப்பட்டிருக்கும். அத்திவாரத்துக்குரிய பணம் கைக்கு வரும்வரை அந்த நிலம் மாதக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கும். வீடு கட்டுபவர் மீது நாம் குறை காணவில்லை. இந்நாட்டில் ஒரு சாதாரண குடும்பம் வீடொன்றைக் கட்டி முடிப்பதற்குப் பல வருடங்கள் எடுக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் அந்தப் பல வருடங்களிலும் மழை ஓய்ந்திருப்பதில்லை என்பதே பிரச்சினையாகும்.

கட்டட வேலைத்தலங்களிலிருந்து மண் கரைந்து செல்வதையும் மழைநீர் கட்டுப்பாடின்றி ஓடுவதையும் தடுப்பதற்கென உள்ளூராட்சி மன்றங்கள் தனியான விதிகளை வகுப்பது பல நாடுகளில் நீண்டகால வழமையாகும். எமது நாட்டில் இது இன்னமும் வேறு சட்டங்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் விடயமாகவே இருந்து வருகின்றது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் போது வெள்ளத்திலும் மண்சரிவிலும் அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே ஆகக் கூடுதலான இழப்பைச் சந்தித்தன. அன்று சரிந்த மலைகள் அனைத்தும் மனிதர் வெட்டியதனால் சரிந்தவை என்று கூறுவது உண்மையாகாது. மனிதக் கை படாத சரிவுகளும் அந்த மழையைத் தாங்க முடியாமல் இறங்கின. இருப்பினும் எமது கையில் இருப்பது மழையல்ல, வெட்டுதல் மட்டுமே. எனவே அதனைப் பற்றிப் பேசுவதே பயனுடையதாகும்.

முதலில் கணக்கொன்றைப் பார்ப்போம். பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றராகும். அதன் மீது ஒரு நாளில் 100 மில்லி மீற்றர் மழை பெய்தால் வந்து விழும் நீரின் அளவு 25 ஆயிரம் லீற்றருக்குச் சற்று அதிகமாகும். புல்லும் மரமும் உள்ள நிலத்தில் இதில் ஒரு பகுதி இலைகளில் தங்கும். ஒரு பகுதி மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். எஞ்சியது தாமதித்து ஓடும். மண்ணை உரித்து, இயந்திரத்தின் சில்லுகளால் அழுத்திய பின்னர் இந்தத் தாமதம் இல்லாது போகின்றது. ஒவ்வொரு மழைத்துளியும் வெறும் மண்ணைத் தாக்கித் துகள்களைப் பிரிக்கின்றது. பிரிந்த துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால் நீர் உள்ளிறங்க முடியாமல் மேற்பரப்பிலேயே ஓடுகின்றது. ஓடும் நீர் முதலில் விரல் அகலத்தில் கோடு கீறும். அடுத்த மழையில் அக்கோடு கானாக மாறும். அந்தப் பத்துப் பேர்ச்சஸிலிருந்து ஒரேயொரு சென்ரி மீற்றர் தடிப்பில் மண் போனால் கூட அது இரண்டரைக் கன மீற்றராகும். டிப்பர்காரரின் கணக்கில் சொல்வதானால் ஒரு கியூப்புக்குச் சற்றுக் குறைவு. அயலில் பத்து வீடுகள் ஒரே காலத்தில் கட்டப்படுமாயின் அவ்வளவு மண்ணும் கீழேயுள்ள வடிகானுக்கும் மதகுக்குமே போய்ச் சேர வேண்டும்.

கட்டட வேலைத்தலத்திலிருந்து வெளியேறும் வண்டலின் அளவு விவசாய நிலத்திலிருந்து வெளியேறுவதை விடப் பத்து முதல் இருபது மடங்கும், காட்டு நிலத்திலிருந்து வெளியேறுவதை விட ஆயிரம் முதல் இரண்டாயிரம் மடங்கும் அதிகமாகும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கூறுகின்றது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். கோர்டன் வோல்மன் என்ற புவியியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. காடு விவசாய நிலமாகி, விவசாய நிலம் நகரமாகும் போது ஆற்றில் சேரும் வண்டல் எவ்வாறு மாறுகின்றது என்பதை அவர் மேரிலாந்து மாநிலத்தை வைத்து விளக்கினார். விவசாயக் காலத்தில் வண்டல் கூடுகின்றது. நகரம் கட்டி முடிந்த பின்னர் குறைகின்றது. இவ்விரண்டுக்கும் இடையில், நிலம் உரிக்கப்பட்டுக் கிடக்கும் சில வருடங்களில் அது உச்சத்தைத் தொடுகின்றது. அதே மேரிலாந்து மாநிலம் 1970இல் வண்டல் கட்டுப்பாட்டுக்கென மாநில மட்டத்தில் சட்டமொன்றை இயற்றியது. ஆபத்து நிரந்தரமானதல்ல, கட்டுமானக் காலத்துக்கு உரியது என்பதால் அக்காலத்துக்கு மட்டும் பொருந்தும் விதிகள் போதுமானவை என்பதே இத்தகைய சட்டங்களின் அடிப்படையாகும்.

எமது நாட்டிலும் மண்ணைப் பற்றிய கவலை நேற்று வந்ததல்ல. கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்ட காலத்திலேயே, 1873இல், கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர் ஆட்சியாளருக்கு எச்சரிக்கை விடுத்தார். அதன் தொடர்ச்சியாகவே 5,000 அடிக்கு மேலுள்ள அரச காடுகளை விற்பதும் வெட்டுவதும் தடுக்கப்பட்டன. 1947 ஆகஸ்டில் மலையகத்தைத் தாக்கிய பெருவெள்ளமும் மண்சரிவுகளும் மறக்கப்படுவதற்கு முன்னர், 1951இல் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1996இல் அது திருத்தவும் பட்டது. எனினும் அச்சட்டத்தின் கண் பயிர்ச்செய்கை நிலத்தின் மீதே இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு இடையே கான் வெட்டுவது, கல் அணை கட்டுவது போன்றவற்றை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. நான்கு மாடி விடுதியொன்றுக்காக ஒரு குன்றையே இரண்டு வாரங்களில் குடைந்தெடுக்கக்கூடிய இயந்திரங்கள் அன்று எவரது கற்பனையிலும் இருந்திருக்காது.

சுற்றாடல் சட்டம் இதற்கு ஈடுகொடுக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1993 ஜூனில் வெளியான வர்த்தமானியில், சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யப்பட வேண்டிய கருத்திட்டங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதி, 1,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட குடியிருப்பு, 50 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைத் துப்புரவாக்கல் என்றவாறு அதன் எல்லைகள் அமைந்துள்ளன. மண்ணரிப்புக்கு உள்ளாகும் பிரதேசம் என்று மண் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களுக்கு வேறு ஏற்பாடும் உண்டு. ஆனால் 30 அறைகளைக் கொண்ட விடுதியும், பத்து ஏக்கர் தோட்டக் காணியைத் துண்டு துண்டாக்கி விற்பவரும், பத்துப் பேர்ச்சஸில் வீடு கட்டுபவரும் அளவினால் இந்த வலைக்குள் அகப்படுவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதே. ஆனால் மழைநீர் அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

வேடிக்கையான முரண்பாடொன்றையும் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். காணியிலிருந்து வெட்டிய மண்ணை டிப்பரில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டு செல்வதாயின் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. அனுமதியின்றி ஏற்றிச் சென்றால் பொலிஸார் வாகனத்தை மறிப்பர். அதே மண்ணை இருந்த இடத்திலேயே குவித்து வைத்து, மழை அதனைக் கீழ் வீட்டுக்காரரின் முற்றத்துக்குக் கொண்டு செல்ல விட்டுவிட்டால் எவரும் மறிப்பதில்லை.

மலையகத்தில் கட்டட அனுமதியோடு மிக நெருங்கிய தொடர்புடைய நிறுவனம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமாகும். 1984இல் உருவாக்கப்பட்ட இந்நிறுவனம், 1990 முதல் மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்து வருகின்றது. முதலில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கிய இப்பணி பின்னர் கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2011இல் வெளியான சுற்றறிக்கையின் படி, மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் கட்டடம் கட்டுவதற்கு உள்ளூராட்சி மன்றம் அனுமதி வழங்கும் முன்னர் இந்நிறுவனத்தின் அறிக்கை பெறப்பட வேண்டும். இது வரவேற்கத்தக்க ஏற்பாடே. ஆயினும் அந்த அறிக்கை பிரதானமாகப் பதிலளிக்கும் வினா, இந்த இடத்தில் கட்டலாமா, எத்தகைய நிபந்தனைகளுடன் கட்டலாம் என்பதாகும். நிபந்தனைகளில் மேல் வடிகான், தாங்கு மதில், வெட்டக்கூடிய உயரம் என்பன குறிப்பிடப்படுவதுண்டு. அந்த நிபந்தனைகள் கட்டுமானம் நடைபெறும் காலத்தில் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று வாராவாரம் சென்று பார்ப்பது எவரது கடமை? ஆராய்ச்சி நிறுவனத்திடம் அதற்குரிய ஆளணி இல்லை. பிரதேச சபையிடம் ஓரிரு தொழில்நுட்ப உத்தியோகத்தர்களே உள்ளனர். வீதி, மின்விளக்கு, சந்தைக் கட்டடம் என அனைத்தும் அவர்களது தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளன. வரைபடத்துக்கு அனுமதி கிடைத்த நாளுக்கும் இணக்கச் சான்றிதழ் பெறப்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் சட்டத்தின் கண்ணுக்கு ஏறக்குறைய இருட்டாகவே இருக்கின்றது. வோல்மன் சுட்டிய உச்சமும் அந்த இருட்டிலேயே வருகின்றது.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை உள்ளூராட்சி மன்றங்களின் உபவிதிகளாகும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டமும், மாநகர சபைகள், நகர சபைகள் கட்டளைச் சட்டங்களும் உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை மன்றங்களுக்கு அளித்துள்ளன. ஒவ்வொரு சபையும் சட்டத்தரணியொருவரை அமர்த்தி முதலிலிருந்து எழுத வேண்டியதுமில்லை. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாதிரி உபவிதிகளைத் தயாரித்து, அவற்றை மன்றங்கள் தீர்மானமொன்றின் மூலம் ஏற்றுக்கொள்ளும் வழி நெடுங்காலமாகவே உள்ளது. நாய்களைப் பதிவு செய்வதற்கும் நடைபாதை வியாபாரத்துக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் பயன்பட்ட இந்த வழி, மண்ணுக்குப் பயன்படக் கூடாதென்று எங்கும் எழுதப்படவில்லை.

அத்தகைய விதிகளில் என்ன இருக்க வேண்டும்? பிற நாடுகளில் பக்கக் கணக்கில் எழுதியிருக்கின்றார்கள். எமது மலைச்சரிவுகளுக்கு முதலும் முக்கியமுமானது வேலையின் ஒழுங்கு என்பதே எமது கருத்தாகும். இங்கு வழமையாக நடப்பது என்னவெனில், முதலில் வெட்டுகின்றனர், பின்னர் கட்டுகின்றனர், இறுதியில் பணம் மிஞ்சினால் வடிகான் அமைக்கின்றனர். இது தலைகீழாக மாற வேண்டும். வெட்டப்போகும் இடத்துக்கு மேலே, சரிவின் குறுக்காக, மேலிருந்து வரும் நீரை மறித்து ஓரமாகத் திருப்பிவிடும் கான் ஒன்று முதலில் வெட்டப்பட வேண்டும். அந்தக் கான் எங்கே போய் முடிகின்றது என்பதும் வரைபடத்தில் காட்டப்பட வேண்டும். ஏனெனில் தன் காணியைக் காப்பாற்றி அயலவரின் சுவரில் கொண்டுபோய் விடும் கான்களால் எத்தனையோ குடும்பங்கள் பேச்சுவார்த்தையின்றிப் பிரிந்திருக்கின்றன. இயற்கையான ஓடை அல்லது கல் பதித்த பொது வடிகான் வரை அது செல்ல வேண்டும்.

அடுத்தது வெட்டிய மண்ணின் கதி. சரிவின் மேற்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி, அந்தக் கொட்டிய மண்ணின் மேல் வீட்டின் முன் அரைவாசியைக் கட்டுவது மலையகமெங்கும் காணப்படும் பழக்கமாகும். மேலே வெட்டியதால் மலையின் காற்பிடி அகன்றுவிடுகின்றது. கீழே கொட்டியதோ அழுத்தி இறுக்கப்படாத பொடி மண். மழை நீர் அதனுள் புகும் போது மண் துகள்களுக்கு இடையில் நீரமுக்கம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பலம் குறைகின்றது. வீட்டின் பின்புறம் மண் விழுவதும் முன்புறம் தரை வெடிப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்களாகும். ஆகவே கொட்டும் மண்ணுக்கு இடமும் முறையும் விதிக்கப்பட வேண்டும். மேல் மண்ணை வேறாகக் குவித்து மூடி வைத்தால் வேலை முடிந்ததும் புல் நடுவதற்கு அதுவே உதவும். தாங்கு மதில் கட்டுவோர் அதில் நீர்க் கசிவுத் துளைகளை விடுவதும் மதிலின் பின்னால் சல்லி இடுவதும் சிறு விடயங்கள் போலத் தோன்றினும், அவை இல்லாத மதில் மண்ணை மட்டுமல்ல, நீரையும் சேர்த்தே தாங்க வேண்டியதாகின்றது. கூரை நீரையும் குளியலறை நீரையும் வெட்டுச் சரிவின் விளிம்பில் குழியொன்றில் விடுவதும் இதே வகைத் தவறுதான்.

பின்னர் வெறும் மண் எத்தனை நாள் வெறுமையாக இருக்கலாம் என்ற காலவரையறை. அமெரிக்காவில் ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட வேலைத்தலங்களுக்கு அனுமதி தேவைப்படுவதோடு, வேலை நிறுத்தப்பட்ட பகுதியைப் பொதுவாக 14 நாட்களுக்குள் மூடி நிலைப்படுத்தவும் வேண்டும். சிங்கப்பூரில் வேலைத்தலத்திலிருந்து பொது வடிகானுக்கு வெளியேறும் நீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லி கிராமுக்கு மேல் மிதக்கும் துகள்கள் இருக்கக் கூடாது. தகைமை பெற்ற நிபுணர் ஒருவர் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். எமது பிரதேச சபையொன்று மில்லி கிராம் அளந்துகொண்டிருக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வெட்டிய சரிவைத் தார்ப்பாயினாலோ வைக்கோலினாலோ தும்பு வலையினாலோ மூடச் சொல்வதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மண் காக்கும் தும்பு வலை எமது நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றது என்பது குறிப்பிடத்தக்கது. அந்நியரின் மலைச்சரிவுகளைக் காக்கும் எமது தென்னந்தும்பு எமது சரிவுகளில் அரிதாகவே காணப்படுவது விசனத்துக்குரியது. வெட்டிவேரும் அவ்வாறே; ஆழமாக வேரோடும் அந்தப் புல்லை நடுவதற்கு ஆகும் செலவு சொற்பமே. காணியின் கீழ் எல்லையில் வண்டல் தங்கும் குழியொன்றும், டிப்பர்கள் வெளியேறும் வாயிலில் சில்லுகளின் சேறு உதிரும் வகையில் கருங்கல் பரப்பும் இருந்தால் வீதி வடிகானில் சேரும் மண்ணின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

மழைக்காலத்தில் மண் வெட்டுவதைத் தடுக்கும் விதி பற்றிப் பலரும் பேசுகின்றனர். நாமும் அதனை ஆதரிக்கின்றோம். ஆனால் கொழும்பில் இருந்து ஒரே நாட்காட்டியை எழுதி எல்லாச் சபைகளுக்கும் அனுப்புவது பொருந்தாது. ஹற்றன், கினிகத்தேனை பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை கடுமையானது. பதுளை, பசறை பக்கத்திலோ ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே அபாயக் காலம். உபவிதி உள்ளூரில் ஆக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் இல்லை. இதனுடன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழை அளவுகளையும் இணைத்துக்கொள்ளலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லி மீற்றர் மழை பெய்தால் அவதானம், 100 தாண்டினால் தயார் நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்ற ஒழுங்கிலேயே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. மஞ்சள் எச்சரிக்கை வந்த நாளில் மண் வெட்டும் இயந்திரங்கள் நிறுத்தப்பட வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதில் என்ன சிரமம் இருக்கின்றது?

கீழே என்ன நடக்கின்றது என்பதை அக்குறணை வாசிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கண்டி - மாத்தளை வீதியில் அமைந்த அந்த வர்த்தக நகரம் பிங்கா ஓயா பெருகும் போதெல்லாம் நீரில் மூழ்குகின்றது. கடைகளில் இருந்த சரக்குகள் பல இலட்சம் ரூபா பெறுமதியில் ஒரே இரவில் சேறாவதை அந்நகர வர்த்தகர்கள் மீண்டும் மீண்டும் கண்டுள்ளனர். ஓயாவின் கரைகளை நெருக்கிக் கட்டடங்கள் எழுந்தமை ஒரு காரணம். சுற்றியுள்ள குன்றுகளில் வெட்டப்படும் மண் ஓயாவின் படுகையை மேடாக்குவது இன்னொரு காரணம். கரையை ஆக்கிரமித்தவர் யாரென்று விரல் நீட்டுவது இலகு; குன்றின் மேல் கட்டுபவருக்குத் தாம் இந்த வெள்ளத்தின் பங்காளி என்பது தெரிவதேயில்லை. பிங்கா ஓயா பின்னர் மகாவலியில் கலக்கின்றது. அதற்குக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு உள்ளது. 1976இல் செயற்படத் தொடங்கிய அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பன்னிரண்டு வருடங்களுக்குள்ளேயே வண்டலால் நிரம்பிவிட்டதாக ஆய்வுகள் காட்டின. பொல்கொல்லையில் திருப்பப்படும் நீரே உக்குவளை மின் நிலையத்தை இயக்கி, உலர் வலயத்து வயல்களுக்குச் செல்கின்றது. ஆக மலையில் கரையும் மண், மின்சாரமாகவும் நெல்லாகவும் கணக்கிடப்பட வேண்டிய இழப்பாகும். கல்முனை, மட்டக்களப்பு, புத்தளம் போன்ற சமதரைப் பிரதேசங்களில் மலை இல்லாவிடினும், தாழ்நிலத்தை நிரப்பக் கொட்டப்படும் மண் வடிகானில் இறங்கி அதனை அடைத்துவிடும் பிரச்சினை அங்கும் உண்டு.

விதி இருந்தும் பொறுப்பு இல்லாதுபோனால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியாவின் அனுபவம் பாடமாகும். 1993 டிசெம்பர் 11ஆம் திகதி, தொடர் மழையின் பின்னர், கோலாலம்பூருக்கு அண்மையில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற குடியிருப்புத் தொகுதியின் மூன்று மாடிக் கட்டடங்களுள் ஒன்று சரிந்து 48 பேர் உயிரிழந்தனர். பின்னாலுள்ள குன்றில் வடிகால் முறை சீராக இல்லாமையும் தாங்கு மதில்கள் சரிந்தமையும் காரணமாகக் காணப்பட்டன. உள்ளூர் நகராண்மைக் கழகமும் ஒரு பங்கு பொறுப்பு என்று 2000இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2006இல் அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம், சட்டத்தில் உள்ள பாதுகாப்பு வாசகம் கழகத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கின்றது என்று தீர்ப்பளித்தது. வரைபடத்தில் கையெழுத்திட்டவர் எவர், சரிவைப் பரிசோதிக்க வேண்டியவர் எவர், பரிசோதிக்காவிடின் விளைவு என்ன என்பதை விதி எழுதும் போதே தெளிவாக எழுதாவிட்டால், இறந்தவர்களின் உறவினர் பதின்மூன்று வருடங்கள் நீதிமன்றப் படியேறி அறிந்துகொள்ள வேண்டியதாகிவிடும்.

இனி எம்மைப் பெரிதும் உறுத்தும் விடயத்துக்கு வருவோம். இத்தகைய விதிகள் வந்தால் அவை யார் மீது முதலில் பாயும்? அரசியல் செல்வாக்குள்ள விடுதி உரிமையாளர் மீதா, ஏழு பேர்ச்சஸில் வீடு கட்டும் தோட்டத் தொழிலாளி மீதா? இக்கேள்வி எழுவதற்கு நியாயம் உண்டு. தோட்டப்புற மக்கள் தாம் வாழும் இடத்தைத் தாமே தெரிவு செய்தவர்கள் அல்லர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் புதைந்த லயன்கள் அபாயத்தில் உள்ளன என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கை மாற்று வீடாக மாறவில்லை. காணி உறுதி இல்லாதவருக்குக் கட்டட அனுமதி கேட்கவே வழியில்லை. அனுமதி கேட்காதவரிடம் நிபந்தனை விதிக்கவும் இடமில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்குச் சட்டத்தில் இருந்த தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. எனவே லயன் அறையின் பின்னால் சமையலறையொன்றை ஒட்டிக் கட்டுபவரிடம் பொறியியலாளரின் சான்றிதழ் கேட்பது கண்கட்டு வித்தையாகவே முடியும்.

விதிகள் இரு தட்டாக அமைய வேண்டும் என்று நாம் கருதுவது இதனாலேயே. ஒரு தனி வீட்டுக்கு, தமிழிலும் சிங்களத்திலும் படங்களுடன் கூடிய ஒரு பக்க அறிவுறுத்தலும், வெட்டுவதற்கு முன்னர் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கட்டணமற்ற ஒரு வருகையும் போதுமானது. மேல் கான் இட்டதன் பின்னரே பெக்கோ இறங்கலாம் என்பதே அவருக்குரிய விதி. காணிகளைத் துண்டாக்கி விற்போரும், விடுதி கட்டுவோரும், வீதி ஒப்பந்தக்காரரும் முழுமையான திட்டமொன்றைச் சமர்ப்பிப்பதோடு, சபையிடம் பிணைப் பணமும் வைக்க வேண்டும். அவர்கள் விட்டுச் சென்ற சரிவைச் சீர்செய்ய அப்பணத்தைச் சபை பயன்படுத்தலாம். சரியாகச் செய்தவருக்கு முழுவதையும் திருப்பிக் கொடுக்கலாம். அரசாங்கம் கட்டும் வீட்டுத் திட்டங்களுக்கும் வீதிகளுக்கும் விலக்கு அளிக்கக் கூடாது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த பத்தாயிரம் வீடுகள் போன்ற திட்டங்களில், பல ஏக்கர் சரிவு ஒரே நேரத்தில் திறக்கப்படுகின்றது. அங்கே வடிகான் முதலா வீடு முதலா என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தால், அதைப் பார்த்தே ஊரார் கற்றுக்கொள்வர். பாடசாலைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள் ஆகியவற்றின் கட்டட வேலைகளுக்கும் இது பொருந்தும். புனித காரியம் என்பதால் வரைபட அனுமதியைத் தட்டிக் கேட்க எவரும் துணிவதில்லை என்பதைப் பல ஊர்களில் கண்டிருக்கின்றோம். நிர்வாகச் சபைகள் இதனைத் தாமாகவே முன்வந்து மாற்ற வேண்டும்.

செலவு பற்றிய முறைப்பாட்டையும் நாம் செவிமடுக்க வேண்டியதுதான். சீமெந்தும் கம்பியும் 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் எட்டாத விலைக்குச் சென்ற நாட்டில், கான் வெட்டு, மூடு, புல் நடு என்று சொல்வது சிலருக்கு எரிச்சலூட்டலாம். ஆனால் மேல் கானொன்றை வெட்டுவது மண்வெட்டியும் இரு தொழிலாளரின் சில நாள் உழைப்புமே. அதே கான் இல்லாமல் சரிந்த மதிலை மீளக் கட்டுவதற்கு ஆகும் செலவை மலையகத்து மேசன்மாரிடம் கேட்டால் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய உள்ளூராட்சி மன்றங்கள் 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னர் மீண்டும் உயிர்பெற்றன. உறுப்பினர்களுள் பலர் முதற்தடவையாகத் தெரிவானவர்கள். வீதிக்குக் கொங்கிறீட் இடுவதும் மின்குமிழ் மாற்றுவதுமே சபையின் பணி என்ற எண்ணத்தோடு அவர்கள் நின்றுவிடக் கூடாது. உபவிதியொன்றைச் சபையில் நிறைவேற்றி, மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிடுவதற்கு மாதங்கள் செல்லும். இன்று ஆரம்பித்தால் கூட அடுத்த மழைக்கு முன்னர் அது கைக்கு வருவது நிச்சயமில்லை. அதுவரை, அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் மேல் கானையும் மூடுதலையும் சேர்ப்பதற்குச் சபைக்கு எந்தத் தடையும் இல்லை. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில், அந்நிபந்தனைகள் நிறைவேறாவிடின் இணக்கச் சான்றிதழை மறுக்கவும் முடியும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. தமது வீட்டுக்கு மேலே பெரிய வெட்டு வேலையொன்று நடைபெறுமாயின், அதற்கு வழங்கப்பட்ட அனுமதியின் பிரதியையும் அதன் நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையிடம் கோரலாம். கோரிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் கூறத் தேவையில்லை. ஒவ்வொரு சபையிலும் இதற்கென தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்கவும் வேண்டும். கிடைக்கும் நிபந்தனைகளில் மேல் வடிகான் குறிப்பிடப்பட்டிருந்தும் களத்தில் அது இல்லையாயின், திகதியிட்ட புகைப்படத்துடன் சபைத் தலைவருக்கும் பிரதேச செயலாளருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வது நல்லது.